மலிவுப் பூட்டில் விரல் பழகுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சாவியின்றிப் பூட்டைத் திறக்கப் பழகுவதற்காகத் திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கி, திருப்பும் கம்பி, தூக்கும் கம்பி இரண்டையும் நுழைத்துப் பல நாள் முயன்றும், உள்ளே ‘பின்’ (pin) எனும் சிறு உலோகக் குச்சி எதுவும் தட்டுப்படவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: பின் இல்லாத பூட்டில் பின்னைத் தேடியிருக்கிறீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும், ‘7 லீவர்’ என்று உடலில் பொறித்து நம் இரும்புக் கடைகளில் விற்கும் பூட்டுகளும் லீவர் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் அடுக்கிய தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும், எழும்பினால்தான் தாழ் நகரும். அதற்குரிய கருவியும் கைப்பழக்கமும் வேறு என்பதால் தொடக்கத்தில் அது வேண்டாம். சாவியின் விளிம்பு நெடுக ரம்பப் பல் போல் ஏறி இறங்கும் சிறிய பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு பின்கள் உள்ள 30 அல்லது 40 மில்லிமீட்டர் பூட்டு போதும்.

கேள்வி: ஓரிரு பின்கள் ‘டிக்’கென்று அமர்கின்றன, அதன்பின் எதுவும் அசைவதில்லை. பூட்டு பழுதா?

பதில்: பூட்டில் பழுதில்லை, திருப்பும் கைதான் கனமாக இருக்கிறது. வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றியே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சாவி நுழையும் உருளைக்கும் அதைச் சூழ்ந்த உடலுக்கும் குறுக்கே, ஸ்பிரிங் தள்ள, பின்கள் நிற்கின்றன. ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டுகளால் ஆனது. எல்லாப் பின்களின் பிரிவும் உருளையின் விளிம்போடு ஒரே சமயத்தில் பொருந்தினால் உருளை சுழலும். துளைகள் யாவும் இம்மியும் பிசகாமல் ஒரே கோட்டில் அமைந்திருந்தால் ஒவ்வொரு பின்னாகத் திறப்பது இயலாது. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் அப்படித் துளைப்பதில்லை. மலிவுப் பூட்டில் பிசகு இன்னும் அதிகம். ஆகவே உருளையை மெல்லத் திருப்பிப் பிடிக்கும்போது, மிகவும் விலகிய துளையிலுள்ள பின் மட்டும் இறுகி, மற்றவை ஸ்பிரிங் மேல் துள்ளிக்கொண்டிருக்கும். இறுகியதை மட்டும் உயர்த்தினால் அது அமரும், உருளை மயிரிழை திரும்பும், அடுத்த பின் இறுகும். கனமாகத் திருப்பினாலோ மூன்று நான்கு பின்கள் ஒருசேர இறுகிவிடுவதால், எதை முதலில் தூக்குவது என்பது விரலுக்குத் தெரியாமல் போகும். திருப்பும் விரலின் நகத்தைப் பாருங்கள். அது வெளுத்தால் அழுத்தம் மிகை. எல்லாமே விறைத்து நின்றால், ஏதோ ஒரு பின்னின் கீழ்த்துண்டு விளிம்பைத் தாண்டிச் சிக்கியிருக்கக்கூடும். முழுக்கத் தளர்த்தி, எல்லாவற்றையும் விழவிட்டு, மறுபடி தொடங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மலிவுப் பூட்டுகள் பலவற்றில் தாழுக்குத் தனி ஸ்பிரிங் இருப்பதால், பின்கள் அனைத்தும் அமர்ந்த பிறகு மட்டும் சற்று வலுவாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: பல் வைத்த கம்பியை முன்னும் பின்னும் வேகமாக இழுத்தால் நொடிகளில் திறந்துவிடுகிறது. கற்றுக்கொண்டேன் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். அது பூட்டின் தளர்ச்சியைக் காட்டுகிறதே தவிர உங்கள் விரலின் தேர்ச்சியை அன்று. அதே பூட்டை நுனி வளைந்த ஒற்றைக் கம்பியால், எந்தப் பின்னுக்கு அடுத்து எது அமர்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டு திறந்து பாருங்கள். அந்த வரிசை மாறாமல் வரத் தொடங்கிய பிறகு, நடுவில் ஒடுங்கிய பின்கள் உள்ள பூட்டுக்குச் செல்லலாம். அதில் உருளை சிறிது திரும்பி ஏமாற்றி நின்றுவிடும், அப்போது திருப்பும் விரலை மெதுவாகத் தளர்த்துவதுதான் வழி.

கேள்வி: இது திருட்டுத் தொழில் என்கிறார் என் தந்தை. சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது, அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ், திறக்க முடியாதது எனப் பெயர் பெற்ற, சப் (Chubb) நிறுவனத்தின் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார், பிராமா (Bramah) நிறுவனத்தின் பூட்டோடு 16 நாள்களில் 51 மணி நேரம் போராடி அதையும் திறந்து, 200 கினி (பழைய பிரிட்டிஷ் நாணயம்) பரிசு பெற்றார். அவர் திருடவில்லை, பூட்டுத் தொழில் விழித்துக்கொண்டது. அதைத் தந்தையிடம் சொல்லுங்கள். ஆயினும் அவருடைய கவலை நியாயமானதே. பிறர் வீட்டில் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி வீட்டை உடைத்து நுழைதலாகும். ஜப்பானிலோ, தகுந்த காரணமின்றி இக்கருவிகளை வைத்திருப்பதையே 2003ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. வெளிநாட்டில் வாழ்வோர் அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் திரிய வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கேட் பூட்டிலேயே பழகலாமா?

பதில்: கூடாது. உங்களுடையதே ஆனாலும் புழக்கத்தில் உள்ள பூட்டைத் தொடாதீர்கள். கம்பி நுனி உள்ளே ஒடிந்தால் சாவியும் நுழையாது, இரவில் குடும்பமே வாசலில் நிற்கும்.

கேள்வி: பழகும் பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: விட வேண்டாம். நாளடைவில் அது தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து, ஸ்பிரிங்குகளை மந்தமாக்கிவிடும். சிறிது கிராஃபைட் தூளைச் சாவியில் தடவி நான்கைந்து முறை திறந்து மூடினால் போதும்.