‘காங்கோவினர்’ என்ற பெயரின் பொருளும் தோற்றமும் என்ன?

காங்கோ மக்களைக் குறிக்கும் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்குப் பொருள் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு பெயருக்குள் இரண்டு பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் விளக்கங்கள் பெரும்பாலும் குழம்பிப்போகின்றன.

முதலாவது ஓர் இனத்தின் பெயர். காங்கோ ஆறு கடலில் கலக்கும் பகுதியையும் அதன் தெற்கையும் பூர்விகமாகக் கொண்ட மக்களுள் ஒருவர் ‘முகோங்கோ’, பலர் ‘பகோங்கோ’, அவர்களது மொழி ‘கிகோங்கோ’. தமிழில் விகுதி செய்யும் வேலையை, கிகோங்கோ அடங்கிய ஆப்பிரிக்க மொழிக் கூட்டமான பாண்டு மொழிகளில் முன்னொட்டு செய்கிறது. எஞ்சி நிற்கும் ‘கோங்கோ’ என்ற வேரின் பொருளில்தான் அறிஞர்கள் உடன்படவில்லை. ஒன்றுகூட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது என்பார் உண்டு. வேட்டைக்காரனைக் குறித்தது என்பாரும் உண்டு. சிறு தலைமைகள் இணைந்து உருவான அரசு என்பதால் முதல் விளக்கம் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் கவர்ச்சி சான்றாகாது.

போர்த்துகீசிய மாலுமி டியோகோ காவோ 1480களில் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தபோது, அங்கே கோங்கோ என்ற வலுவான அரசு இருந்தது. அதன் தலைநகர் ம்பான்சா கோங்கோ இன்று அங்கோலாவின் வடபகுதியில் இருக்கிறது. அதாவது பெயரின் ஊற்றுக்கண், காங்கோ என்ற பெயரில் இன்று இருக்கும் இரண்டு நாடுகளுக்கும் வெளியே உள்ளது. அரசின் பெயரை ஐரோப்பியர் ஆற்றுக்கு இட்டனர்; ஆற்றின் பெயர், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு 1885இல் தன் உடைமையாக்கிக்கொண்ட பெருநிலத்துக்கும், எதிர்க்கரையில் பிரான்ஸ் பிடித்த நிலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 1960இல் இரண்டும் விடுதலை பெற்றபோது ‘காங்கோவினர்’ என்பது இரு நாடுகளின் குடிமக்களுக்கும் பொதுப்பெயராயிற்று.

இதுவே இரண்டாவது பொருள். கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோவின் முதல் குடியரசுத் தலைவர் கசவுபு பகோங்கோ இனத்தவர். முதல் பிரதமர் லுமும்பா தெதெலா இனத்தவர். இருவரும் காங்கோவினர், ஆனால் ஒருவரே முகோங்கோ.

1971இல் கின்ஷாசா காங்கோவின் அப்போதைய குடியரசுத் தலைவர் மொபுட்டு, அயல்நாட்டுச் சாயலைக் களைவதாகச் சொல்லி அந்நாட்டை ‘ஜைர்’ என்று மாற்றினார். வேடிக்கை என்னவென்றால், ஆற்றைக் குறிக்கும் கிகோங்கோச் சொல்லைப் போர்த்துகீசியர் திரித்ததால் பிறந்த பெயர்தான் அதுவும்! 1997இல் பழைய பெயர் திரும்பியது.

தமிழில் எழுதும்போது நாட்டவரைக் ‘காங்கோவினர்’ என்றும் இனத்தவரைப் ‘பகோங்கோ’ என்றும் குறிப்பது நல்லது. அங்கோலாவில் வாழும் பகோங்கோ மக்களைக் காங்கோவினர் என்று எழுதினால், அவர்களை வேறொரு நாட்டின் குடிமக்களாக்கிவிடுவோம்.