கார்பன் டை ஆக்சைடுல இருந்து நைட்ரஜன் உள்ள கெமிக்கல் எல்லாம் பண்ண முடியுமா? கேட்டலிஸ்ட் எதுக்கு?

முடியுமாவா, நூறு வருஷமா நடக்குதுங்க, யூரியாவே அதுதானே. அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் சூடுபண்ணி அழுத்தினா முதல்ல அம்மோனியம் கார்பமேட் வரும், அது தண்ணிய விட்டா யூரியா, இதுக்கு கேட்டலிஸ்டே (தான் தீராம வினைய வேகப்படுத்தற பொருள்) வேணாம். ஒரு டன் யூரியாவுக்கு 730 கிலோ கார்பன் டை ஆக்சைடு உள்ள போகுது, ஆனா வயல்ல போட்டதும் மண்ணுல இருக்கற யூரியேஸ்ங்கற நொதி அத உடைச்சு திரும்ப காத்துலயே விட்டுடும்.

கேட்டலிஸ்ட் வேண்டியது அடுத்த கட்டத்துக்கு. அமீன் (அம்மோனியா மாதிரி நைட்ரஜன் உள்ள சேர்மம்) போய் கார்பன் டை ஆக்சைடுல ஒட்டறது ஈஸி, ஒட்டினதுக்கு அப்புறம் ஆக்சிஜன கழட்டணும் இல்லையா, அதுக்கு ஹைட்ரஜன் வேணும், அந்த ஹைட்ரஜன பிரிச்சு குடுக்கறதுக்குத்தான் ருத்தேனியம் மாதிரி உலோகம். 1994ல ஜப்பான்ல நொயோரி, இகாரியா, ஜெஸாப் இவங்க குழு டைமெத்தில் அமீன வெச்சு டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) பண்ணாங்க, மருந்து கம்பெனி, செயற்கைத் தோல் எல்லாத்துலயும் ஓடற கரைப்பான் அது. தனியா கரைப்பான் ஊத்தல, கார்பன் டை ஆக்சைடையே 31 டிகிரிக்கும் 73 அட்மாஸ்பியருக்கும் மேல கொண்டுபோய் சூப்பர்கிரிட்டிக்கல் (வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலை) ஆக்கி அதுக்குள்ளயே வேலைய முடிச்சாங்க, ஒரு ருத்தேனியம் அணு 3,70,000 தடவை வரைக்கும் திரும்பத் திரும்ப வேலை செஞ்சுச்சு, எனக்கு இன்னைக்கும் பிரமிப்பா இருக்கற நம்பர் அது. அப்படியும் பெரும்பாலான டிஎம்எஃப் கார்பன் மோனாக்சைடுலதான் வருது, அந்த ரூட் சீப்பு. அதோட இயற்கை எரிவாயுல இருந்து ஒரு டன் ஹைட்ரஜன் எடுத்தா 9, 10 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், அந்த ஹைட்ரஜன வெச்சு இத பண்ணிட்டு பசுமைன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடே இல்ல.

என்னைக் கேட்டா இந்த ஃபீல்டோட பெரிய பலன் பாஸ்ஜீன்ங்கற விஷ வாயுவ ஒழிக்கறதுலதான் இருக்கு. 1984ல போபால்ல கசிஞ்ச மெத்தில் ஐசோசயனேட்ட பாஸ்ஜீனும் மெத்தில் அமீனும் சேர்த்துதான் பண்ணிட்டிருந்தாங்க, இன்னைக்கும் பாலியூரித்தேன் ஃபோமுக்கான ஐசோசயனேட் பெரும்பாலும் பாஸ்ஜீன் வழியாத்தான். அமீன், ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு மூணும் சேர்ந்தா கார்பமேட் வரும், அத சூடுபண்ணா ஐசோசயனேட், பாஸ்ஜீன் எங்கயுமே வராது. சிக்கல் என்னன்னா கூடவே தண்ணி வரும், அது சமநிலைய பின்னாடி இழுத்துடும், அதாவது வினை பாதியிலயே நின்னுடும், கேட்டலிஸ்ட் வேகத்த கூட்டுமே தவிர சமநிலைய நகர்த்தாது, அதனாலதான் கேட்டலிஸ்டான சீரியம் ஆக்சைடோட தண்ணிய பிடிச்சுக்கற இன்னொரு கெமிக்கலையும் சேர்த்துப் போட்டு பார்க்கறாங்க, அந்தக் கெமிக்கல திரும்ப பழைய நிலைக்கு கொண்டுவர ஆகற செலவுதான் இப்போ முட்டுக்கட்டை.