யார் அந்த உதவியாளர்கள்?

கேள்வி: இரண்டாம் உலக யுத்தத்தில் பெண்களும் விமானப்படைகளுக்கு உதவியாக விமானம் ஓட்டினார்கள் என்று என் மகளின் பாடக்குறிப்பில் ஒரு வரி இருந்தது. அது உண்மையா? ஓட்டியது யுத்த விமானமா, சாமான் ஏற்றும் விமானமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: உண்மைதான், யுத்த விமானமேதான். ஆனால் சகோதரி, அந்த 'உதவியாக' என்பதை மகளின் கொப்பியில் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குக் காரணம் தெரியும், மற்றவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1940 ஜனவரியில் எட்டுப் பெண்களோடு இந்த வேலையைத் தொடங்கினார்கள். முதலில் பயிற்சி விமானம் மட்டும். அடுத்த வருடமே ஹரிகேன் சண்டை விமானம், அப்புறம் ஸ்பிட்பயர் சண்டை விமானம், குண்டுவீச்சு விமானங்கள். தொழிற்சாலையில் செய்து முடித்த விமானத்தைப் படைத்தளத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். வானொலித் தொடர்பு கிடையாது. தரையில் தெரியும் ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்துத்தான் வழி பிடிப்பார்கள். முகில் மூடினால் அதுவும் போச்சு. இதற்கு முன் ஏறியே இராத வகை விமானம் என்றால், சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு ஏறி ஓட்டுவார்கள். 1930 இல் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜோன்சன் 1941 ஜனவரியில் இந்த வேலையில்தான் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. இவ்வளவு செய்தவர்களுக்கு 1943 வரை ஆண்களை விடச் சம்பளம் குறைவு.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பியவையும் ஹரிகேன்கள்தான். அந்த நாளைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் எண்ணெய்க் குதத்தில் விமானம் மோதிய கதையைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை. இந்தப் பக்கத்தில் பல தடவை சண்டை பிடித்துவிட்டேன், இன்னும் பிடிப்பேன். குதத்துக்கு இலக்கம் சொல்லத் தெரிந்தவர்கள், அந்த வகை விமானத்தை யார் யார் ஓட்டினார்கள் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

அமெரிக்கக் கதைதான் எனக்கு ஆறாதது. 1,074 பெண்கள் பயிற்சி முடித்து இராணுவ விமானங்களை ஓட்டினார்கள். தரையிலிருந்து நிஜத் தோட்டாக்களால் சுட்டுப் பழகுவதற்கு இலக்குத் துணியை வாலில் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தவர்களும் அவர்களில் உண்டு. 38 பேர் இறந்தார்கள். பதிவேட்டில் அவர்கள் சிவிலியன்கள். அதனால் இராணுவ மரியாதை இல்லை, சவப்பெட்டியில் கொடி இல்லை, உடலை ஊருக்கு அனுப்பக் கூட அரசு காசு இல்லை. கூட வேலை செய்த பெண்கள் தங்களுக்குள் காசு சேர்த்து அனுப்பினார்கள். சீன வம்சாவளியில் வந்த ஹேசல் யிங் லீ 1944 நவம்பரில் விமானங்கள் மோதி இறந்தார். சில நாட்களில் தம்பியும் பிரான்ஸ் போர்முனையில் இறந்த செய்தி வந்தது. இருவரையும் அடக்கக் குடும்பம் தெரிந்தெடுத்த இடம் வெள்ளையருக்கு உரியது என்று மறுத்தார்கள். அந்தக் குடும்பம் விடாமல் போராடித்தான் அந்த இடத்தைப் பெற்றது. 1944 டிசம்பரிலேயே அந்தப் பெண் விமானிகளின் அமைப்பைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'இவர்களும் படைவீரர்களே' என்று சட்டம் வந்தது 1977 இல்.

சோவியத் நாட்டில் கணக்கு வேறு. விமானி மரீனா ரஸ்கோவா படைக்குச் சேர்த்த பெண்களுக்குப் பதவி நிலையும் சீருடையும் இருந்தன, குண்டும் இருந்தது. அவர்களில் ஒரு பிரிவினர் மரமும் துணியுமாகச் செய்த போ-2 விமானத்தில் இரவிரவாகப் பறந்து, இலக்குக்குக் கிட்ட எஞ்சினைத் தணித்து, சத்தமில்லாமல் இறங்கிக் குண்டு போட்டார்கள். ஜெர்மன்காரர் 'இரவுச் சூனியக்காரிகள்' என்றார்கள். நதியெஷ்தா பொப்போவா ஒருவரே 852 தடவை போய் வந்தவர். உள்நாட்டு யுத்தத்தில் பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய எங்களுக்குக் குண்டு போட்டவரைக் கொண்டாட மனம் வராது, ஓட்டியது ஆணானாலும் பெண்ணானாலும். ஆனாலும் அவர்கள் தங்கள் மண்ணில் ஏறி வந்த படையைத்தான் அடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, என் பகைக்கு வருகிறேன். அந்த உள்நாட்டு யுத்த காலத்தில் எங்கள் திருகோணமலை மாவட்டப் பள்ளிக்கூடங்களை நடத்தியவர்கள் யார்? நியமனம் பெற்றவர்கள் வர முடியாமலும் வர மறுத்தும் விட்ட மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் மரத்தடியில் கரும்பலகை வைத்துப் படிப்பித்த பெண்பிள்ளைகள். அவர்களுக்கு வைத்த பெயர் தொண்டர் ஆசிரியர். தொண்டு என்று எழுதிவிட்டால் சம்பளம் இல்லை, சேவைக்காலம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. நிரந்தர நியமனம் கேட்டுப் போனபோது 'வரவுப் பதிவேடு எங்கே?' என்று கேட்டார்கள். பள்ளிக்கூடமே எரிந்து கிடக்கையில் பதிவேட்டை எங்கே போய்த் தேடுவது? வயதெல்லை தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கடிதங்கள் இந்த அலுவலகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு, ஆளை மட்டும் 'உதவி' என்று பதியும் இந்தக் களவு அமெரிக்காவிலும் ஒன்றுதான், வெருகலிலும் ஒன்றுதான்.

உங்கள் மகளின் ஆசிரியருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உப்புவெளிப் பக்கம் தொண்டராகப் படிப்பித்த யாரையாவது தெரிந்தால் பள்ளிக்கூடம், வருடம், படிப்பித்த வகுப்பு மூன்றையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு போடுகிறோம், ஒவ்வோர் இதழிலும், இடம் போதாவிட்டால் சினிமாப் பக்கத்தைக் குறைத்தாவது.