இருபது ரூபாயில் எத்தனை நாள் ஓடும்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் அறக்கட்டளை மாலை நேர கிளினிக் நடத்துகிறது. சுகர், பிரஷர்காரர்கள்தான் அதிகம். கட்டணம் 20 ரூபாய். மாதம் 1,500 பேர் வருகிறார்கள். செலவு 1,80,000 ரூபாய். பற்றாக்குறையைக் கொடுத்துவந்த கம்பெனி மார்ச்சோடு நிறுத்துகிறது. எல்லோருக்கும் 100 ரூபாய் ஆக்கலாம் என்கிறார் ஓர் அறங்காவலர். "அப்புறம் நாம எதுக்கு?" என்று கலங்குகிறார் நிறுவனர் அம்மா. பொருளாளரான நான் என்ன சொல்ல?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நிறுவனர் அம்மாவின் பயம் நியாயமானது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ராயபுரம் பக்கம் ஓர் இலவச மருந்தகத்துக்கு நான் கணக்கு எழுதினேன். கட்டணம் என்ற பேச்சையே எடுக்கவிட மாட்டோம். நன்கொடை நின்ற நாலாவது மாதம் மூடினோம். அதற்குப் பிறகும் மூன்று நாள் ஒரு பாட்டி வந்து படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலி மாத்திரை அட்டையை நீட்டி, "இத மட்டும் குடுத்துடு கண்ணு" என்றார். கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒருவரைப் பார்க்க உங்களுக்கு ஆகும் செலவு 120 ரூபாய். இதை நிறுவனரிடம் முதலில் சொல்லுங்கள். 20 ரூபாய் வாங்கும்போதே ஒவ்வொருவருக்கும் 100 ரூபாய் தர்மம் செய்கிறீர்கள், பென்ஷன் வாங்குகிறவருக்கும் சேர்த்து.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். அங்கே காசு கொடுப்பவருக்கு அறையும் வசதியும் மாறும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாறமாட்டார். கொடுக்க முடிந்தவர் தானாகவே அந்தப் பக்கம் போகிறார்; யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. நீங்களும் காலையில் ஒரு மணி நேரம், முன்பதிவு செய்து காத்திருக்காமல் பார்க்கும் வசதியை 200 ரூபாய்க்குத் தொடங்குங்கள். அதே டாக்டர், அதே மருந்து. 300 பேர் அங்கே மாறினால் 60,000 ரூபாய். மீதி 1,200 பேரின் இருபது ரூபாய் 24,000. டாக்டரின் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அது போக, துண்டு விழுவது 96,000. இதற்கு நன்கொடை கேளுங்கள். ஒரே கம்பெனியிடம் மட்டும் வேண்டாம். "மாதம் பத்துப் பேரின் வைத்தியத்துக்கு 1,000 ரூபாய்" என்று கேட்டால் தெருக்கடைக்காரரும் கொடுப்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. உங்கள் பக்கத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு நின்றால் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் விற்கும் அக்கா எல்லோர் கையும் காலி. அந்த மாதங்களில் அவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வார்கள். அப்போது இருபது ரூபாயும் வாங்காதீர்கள். அதற்குத்தான் கையிருப்பு வேண்டும். அறக்கட்டளையில் பணம் மிஞ்சினால் பாவம் என்று நினைப்பவர்களிடம் சொல்லுங்கள்: பதிவான அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தைச் சேவைக்குச் செலவிட்டால், மீதி 15 சதவீதத்தை ஒதுக்கிவைக்க வருமான வரிச் சட்டமே இடம் தருகிறது.

எல்லோருக்கும் 100 என்ற யோசனையை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இல்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர் தகராறு செய்யமாட்டார். பேசாமல் வராமல் நின்றுவிடுவார், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு ஓர் அதிகாரம் கொடுங்கள்: யாரையும் கேட்காமல், சத்தமில்லாமல், சீட்டில் பூஜ்யம் என்று எழுதலாம். அதற்குக் காரணம் எழுதச் சொல்லாதீர்கள்.