மே மாத வெயிலில் போர்வை, தெர்மாமீட்டரில் 96.4: பயப்பட வேண்டுமா டாக்டர்?

ஈரோட்டிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு மாதமாக உடம்பு சில்லென்றே இருக்கிறதாம். வீட்டில் எல்லாரும் ஃபேனைக் கூட்டச் சொல்ல, இவர் அணைக்கச் சொல்கிறார். காலையில் தெர்மாமீட்டர் 96.4 காட்டுகிறது. மாதவிடாய் இரண்டு மாதம் வராமல் இருந்து, வந்தால் ஒன்பது பத்து நாள் கொட்டித் தீர்க்கிறது. சில ராத்திரி நைட்டி நனைகிற அளவுக்கு வியர்த்து, உடனே நடுங்குகிறது. அபார்ட்மென்டில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் 2,999 ரூபாய்க்கு 84 டெஸ்ட் எடுத்ததில் ஹீமோகுளோபின் 10.6, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச் 5.8. ரிப்போர்ட் கொண்டுவந்த பையன் "தைராய்டு மேடம், ஆயுசுக்கும் மாத்திரை போடணும்" என்றிருக்கிறான். நாத்தனார் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார். முடி கொட்டுகிறது என்று ஆறு மாதமாக பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த 'கம்மி' மிட்டாய் சாப்பிடுகிறார். "உடம்பில் சூடே குறைந்துவிட்டதா? இது மெனோபாஸா, தைராய்டா?" என்பது கேள்வி.

முதலில் அந்த 96.4-ஐ முடித்துவிடலாம், ஏனென்றால் கடிதத்தில் நீங்கள் அதிகம் பயந்திருப்பது அதைப் பார்த்துத்தான், உண்மையில் அதற்குத்தான் பயப்படவே தேவையில்லை. 98.6 என்ற கணக்கு 1868-ல் ஜெர்மனியில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் எழுதிவைத்தது. இன்றைக்கு மனிதர்களின் சராசரி அதைவிடக் குறைவு, 97.9 பக்கம்தான் என்று 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் வைப்பதைவிட ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும். விடியற்காலையில் எல்லாருக்குமே உடம்புச் சூடு குறைவு. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த துப்பாக்கி மாதிரிக் கருவியை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நெற்றியில் காட்டினால் அது என்ன எண்ணைச் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சினைமுட்டை வெளிவந்த பிறகு சுரக்கிற புரோஜெஸ்டிரோன் உடம்புச் சூட்டை அரை டிகிரிக்கும் மேலே ஏற்றி, அடுத்த மாதவிடாய் வரைக்கும் அப்படியே வைத்திருக்கும். உங்கள் வயதில் பல மாதங்கள் முட்டை வெளிவருவதே இல்லை. அந்த ஏற்றமும் இல்லை. அதனால் மாதம் முழுக்க எண் கீழேயே நிற்கும். இது நோய் இல்லை. 95-க்குக் கீழே போய், ஆளும் மந்தமாகி, பேச்சுக் குழறினால் அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி. அதுவரை தெர்மாமீட்டரைப் பெட்டியில் போட்டு மூடுங்கள்.

ராத்திரி வியர்த்து நடுங்குவது மட்டும் மெனோபாஸ் கணக்கில் சேரும். நம் மூளையில் சூட்டைப் பார்த்துக்கொள்கிற ஒரு இடம் இருக்கிறது. இந்தச் சூடு வரை வியர்க்காதே, இந்தக் குளிர் வரை நடுங்காதே என்று அது ஒரு இடைவெளி விட்டு வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் வயதில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. கொஞ்சம் சூடு ஏறினாலே அது பதறிப்போய் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு, வியர்வையைக் கொட்டவைக்கும். வியர்வை ஆறியதும் சூடு கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிடும், உடனே "ஐயோ குளிர்" என்று நடுங்கவைக்கும். சிலருக்கு வியர்ப்பது தெரியாது, நடுக்கம் மட்டும்தான் தெரியும். தலைமாட்டில் மாற்று நைட்டி ஒன்றும், கனமான ஒரே கம்பளிக்குப் பதில் மெல்லிசாக இரண்டு போர்வையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை உதறிவிட்டு ஒன்றை இழுத்துக்கொள்ளலாம். தூக்கமே கெடுகிற அளவுக்குப் போனால் மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள், அது கெட்ட வார்த்தை இல்லை.

ஆனால் பகல் முழுக்கக் கை கால் சில்லென்று இருப்பதை "இந்த வயசுல அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அது டாக்டராகவே இருந்தாலும், கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் குத்துவது அந்த ஒன்பது பத்து நாள்தான். அப்புறம் 10.6. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத உடம்புக்குக் குளிரில் தன் சூட்டைப் பிடித்துவைக்கத் தெரியாது, ரத்தம் ஆக்ஸிஜனைக் கொண்டுபோவது குறைகிறது, தைராய்டு ஹார்மோன் தயாரிக்கவும் இரும்பு வேண்டும். முடி கொட்டுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நீங்கள் கம்மி வாங்கிய காசுக்கு முருங்கைக்கீரையும் சுவரொட்டியும் வாங்கியிருக்கலாம்.

சரி, 84 டெஸ்ட் எடுத்தீர்களே, அதில் ஃபெரிட்டின் இருந்ததா என்று நீங்கள் அனுப்பிய பக்கங்களில் தேடினேன். இல்லை. உடம்பின் இரும்புக் கையிருப்பைச் சொல்கிற ஒரே முக்கியமான டெஸ்ட் அது. 30-க்குக் கீழே இருந்தால் கையிருப்பு காலி என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு, உங்களுக்குத் தேவையே இல்லாத எழுபது எண்களைக் கலர் கலராக அச்சடித்து, நாலு இடத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை எண்ணில் ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்டத்தான் செய்யும், அந்தச் சிவப்பு அம்பைக் காட்டித்தான் அடுத்த பேக்கேஜை விற்பார்கள். ரத்தம் எடுக்க வருகிற பையனுக்கு ஆள் பிடித்தால் கமிஷன், முகாமுக்கு இடம் கொடுத்தவருக்கு ஒரு பங்கு, அனுப்பிவைக்கிற சில டாக்டர்களுக்கும் 'கட்' உண்டு, இதை எழுதுவதால் என் சக மருத்துவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அடுத்த முறை 'ஹார்மோன் பேனல்' என்று வருவார்கள். 45 தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதையும் வியர்ப்பதையும் கேட்டாலே போதும், சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச் ஹார்மோனைப் பார்த்துத்தான் பெரிமெனோபாஸ், அதாவது மெனோபாஸுக்கு முந்தைய கட்டம், என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வயதில் அந்த எண் இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. உங்களுக்கு வேண்டியது ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, டி.எஸ்.ஹெச், அதோடு தைராய்டு சுரக்கிற ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4. அவ்வளவுதான்.

இரும்பு மாத்திரைக்கு நீங்கள் செலவே செய்ய வேண்டியதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிவப்பு மாத்திரை இலவசம். 2018-ல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 49 வயது வரையுள்ள பெண்களும் சேர்த்தி. ஆனால் கர்ப்பிணியைத் தேடித் தேடிக் கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடப் பெண்ணுக்கு வாரா வாரம் கொடுக்கிறார்கள், 47 வயது அம்மாவைப் பார்த்து "உங்களுக்கு எத்தனை நாள் போகுது" என்று எந்த கவுன்டரிலும் யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கும் மேலே! நீங்களாகவே போய்க் கேட்டு வாங்குங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் டீ காபி கூடாது, எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் போட்டால்தான் கையிருப்பு நிரம்பும்.

ஆனால் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? ரத்தப்போக்கை நிறுத்த வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, கட்டி கட்டியாக விழுகிறது, ஏழு நாளுக்கு மேல் போகிறது என்றால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும், 45-க்கு மேல் என்பதால் கர்ப்பப்பை உள்சவ்வில் ஒரு துளி எடுத்துச் சோதிக்கவும் சொல்வார்கள், மறுக்காதீர்கள். அதற்காக நாத்தனார் சொல்கிறார் என்று கர்ப்பப்பையை எடுத்துவிடக் கூடாது. ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் வைத்த 'லூப்' இருக்கிறது, பெரும்பாலானோருக்கு இதுவே போதும். "இன்ஷூரன்ஸ்ல பைசா செலவில்லாம முடிச்சுக் குடுத்துடறேன்" என்று ஒரு ஆள் வீடு தேடி வந்தால் அவருக்குக் கதவைத் திறக்காதீர்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் இதைத் தடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததால் ஆள் வருவது நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை.

இப்போது தைராய்டு. 5.8 என்பது கோட்டை லேசாகத் தாண்டியது, அவ்வளவுதான். இந்த மாதிரி லேசான ஏற்றம் பலருக்கும் தானாகவே இறங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஃப்ரீ டி4 சேர்த்து மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டினால் மாத்திரை பற்றிப் பேசலாம். ஒருவேளை அப்படித் தொடங்கினாலும் தைராக்ஸின் என்ற அந்தத் தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள், நாலு மணி நேர இடைவெளி வேண்டும். உடம்புச் சூடு குறைவு என்பதை மட்டும் வைத்து "தைராய்டு ஒளிஞ்சிருக்கு" என்று மருந்து கொடுப்பவரிடம் போகவே வேண்டாம். அமெரிக்காவில் ஒரு மருத்துவர் இதற்குத் தன் பெயரிலேயே ஒரு நோயை உண்டாக்கி மருந்து கொடுத்தார், அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமே இல்லை என்று அங்குள்ள தைராய்டு சங்கம் அறிக்கையே விட்டது.

அந்தக் கம்மியை இன்றே நிறுத்துங்கள். பல லேப் கருவிகள் டி.எஸ்.ஹெச் அளப்பதே பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்தில் நிறைய பயோட்டின் இருந்தால் டி.எஸ்.ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். அப்படியானால் உங்கள் 5.8 உண்மையில் இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கலாம். டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். முகாமில் யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள், அவர்கள் கேட்பது ஜி-பேயா, கேஷா என்பது மட்டும்தான்.

இங்கே ஒரு விதிவிலக்கு. நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதைத் தவறவிட்டுப் பத்து பதினைந்து வருஷம் அலைந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பிரசவத்தின்போது மிக அதிகமாக ரத்தம் போனதா? பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்களா, நினைவு தப்பியதா? அதற்குப் பிறகு பால் சுரக்காமல் போனதா? கர்ப்பகாலத்தில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பெருத்திருக்கும், அப்போது பெரிய ரத்தப்போக்கு வந்து அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் இல்லாமல் அது கருகிவிடும். ஷீஹான் என்பவர் 1937-ல் விவரித்தார், அவர் பெயரிலேயே ஷீஹான் நோய். பால் வராது, மாதவிடாய் திரும்பாது அல்லது பேருக்கு வரும், அக்குள் முடி உதிரும், எப்போதும் அசதி, எப்போதும் குளிர், ரத்த அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். நாற்பதில் வந்து நின்றால் "சீக்கிரமே மெனோபாஸ் ஆயிடுச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.ஹெச்சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அதுவே பழுதானால் டி.எஸ்.ஹெச் ஏறாது, ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று பச்சையாக இருக்கும், கீழே டி4 மட்டும் தரையில் கிடக்கும். ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். இதில் இன்னொரு ஆபத்து, உடம்பின் இயற்கையான ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோல் எவ்வளவு என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் தைராக்ஸினை முதலில் கொடுத்தால் ஆள் சரிந்துவிடலாம், உயிருக்கே ஆபத்து. மாதவிடாய் ஒன்பது நாள் கொட்டுகிற உங்களுக்கு இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் பிரசவம் எப்படி நடந்தது என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, உங்களைப் பார்த்த யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

படபடப்புக்கோ பி.பி.க்கோ புரோப்ரனலால், அட்டினலால் மாதிரி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அதுவும் கை கால் சில்லிடக் காரணமாகலாம், நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள். எதிர்வீட்டு அக்கா விற்பதாக நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிற 'ஹார்மோன் பேலன்ஸ்' பவுடரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, டப்பாவில் என்னென்ன எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

ஃபெரிட்டினும் ஃப்ரீ டி4-ம் எடுத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். கம்மி டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்களா என்று, உங்களுக்கு நினைவில்லாவிட்டால், உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.