மெமரி சிப் பங்கு: சாஃப்ட்வேரை மட்டும் நம்பி வாங்கலாமா?

கேள்வி: புது கம்ப்யூட்டருக்கு 16 ஜிபி ராம் வேண்டும் என்கிறார்கள். ஏஐ வந்த பிறகு மெமரிக்கு இன்னும் கிராக்கி. மகளின் கல்லூரிச் செலவுக்கு வைத்திருக்கும் 4 லட்ச ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முடிகிறது. பணம் இரண்டு வருடம் கழித்துத்தான் தேவை. மெமரி சிப் செய்யும் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனப் பங்கில் போடலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இந்தப் பணத்தைப் போடாதீர்கள். மெமரிக்குத் தேவை கூடும் என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஆனால் பங்கு விலையைத் தீர்மானிப்பதில் தேவை பாதிதான். மீதி, எத்தனை பேர் ஆலை கட்டுகிறார்கள் என்பது.

தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தால் அடுத்த போகத்தில் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் தக்காளியே நடுவார்கள், கடைசியில் பறிகூலிகூடத் தேறாது. மெமரியும் அப்படித்தான். யார் செய்தாலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. ஆலை எழும்ப வருடக்கணக்கில் ஆகும், எழும்பிய பிறகு சும்மா போட்டு வைக்கவும் முடியாது.

புது சாஃப்ட்வேர் வந்தால் கூடுதல் மெமரி தேவைப்படும், சிப் விலையும் ஏறும் என்று நம்பிவிடாதீர்கள். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. 1996-ல் மெமரி விலை பாதிக்கும் கீழே போனது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தபோதும் அதே கதை. ஜெர்மனியின் மெமரி சிப் நிறுவனமான கிமோண்டா 2009-ல் திவாலே ஆகிவிட்டது. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அந்த நாள் அடங்கிய நிதியாண்டில்தான் மைக்ரானின் விற்பனை 3,076 கோடி டாலரிலிருந்து 1,554 கோடிக்கு இறங்கி, 583 கோடி டாலர் நஷ்டம் வந்தது. கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த சிப்புகளே வாடிக்கையாளர்களின் கிடங்கில் தீராமல் கிடந்தன.

இந்த முறை ஒன்று மாறியிருப்பது உண்மை. ஏஐ சர்வருக்கான எச்பிஎம் என்ற அதிவேக மெமரி, அதே கொள்ளளவுக்குச் சாதாரண ராமைப் போல சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை (சிப் செய்யும் மூலத் தகடு) தின்கிறது. அதனால் சாதாரண ராமுக்கும் தட்டுப்பாடு. ஆனால் குறைந்த சிப்பிலேயே வேலையை முடிக்கும் சிக்கனமான சாஃப்ட்வேரும் வரலாம்: சீனாவின் சிக்கன ஏஐ டீப்சீக் பற்றிய பேச்சு கிளம்பிய 2025 ஜனவரி 27 அன்று ஏஐ சிப் நிறுவனமான என்விடியாவின் பங்கு 17 சதவீதம் விழுந்தது, மைக்ரானும் கூடவே சரிந்தது.

அப்புறம், பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) குறைவாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். இந்தத் துறையில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மலிவாகத் தெரியும்.

4 லட்சத்தையும் மறுபடி எஃப்.டி.யிலேயே போடுங்கள். பிறகு வேறு பணம் கைக்கு வந்து ஆசை விடாவிட்டால், மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்துக்குள், பிரித்துப் பிரித்து வாங்குங்கள். வாங்கும் முன் காலாண்டு அறிக்கையில் விற்காத சரக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது, புது ஆலைக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டுப் பங்கை வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும், விற்காவிட்டாலும்.