என் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சேலத்தில் இருந்தபடியே வானொலித் தொகுப்பாளராகவும் செய்தியாளராகவும் ஆக முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் "குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் ஓரமாக வையுங்கள். டிகிரி முடித்துவிட்டு, ஏதோ ஓர் ஆர்ஜே பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் யோசனையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தனியார் பண்பலையில் சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்க அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் (இப்போது ஆகாசவாணி) செய்தியை மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, குடிநீர், மின்தடை போன்ற தகவல்களைச் சொல்லலாம். அவ்வளவுதான். கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிக்கும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடுதான். ஆர்ஜேக்களை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மூன்று மணி நேரம் நேரலையை இழுத்துக்கொண்டு போவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் நீங்கள் செய்தியாளராகவும் ஆக வேண்டும் என்கிறீர்கள். வானொலியில் அதற்கு இந்தியாவில் இருக்கும் ஒரே வாசல் அகில இந்திய வானொலிதான்.

அதில் இரண்டு வழிகள். ஒன்று, தற்காலிக அறிவிப்பாளர். நிலையங்கள் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். உங்களுக்குப் பக்கத்தில் தருமபுரி பண்பலை நிலையம். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, பிறகு 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சி. தேறினாலும் மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் பணி எதிர்பார்க்காதீர்கள். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நிரந்தர அறிவிப்பாளர் பணிக்கு ஆள் எடுப்பது பல்லாண்டுகளாகவே நின்றுபோயிருக்கிறது. இன்னொன்று, மாவட்டப் பகுதிநேரச் செய்தியாளர். மாவட்டத் தலைநகரிலோ அதை ஒட்டியோ குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சேலத்துக்காரருக்கு அது வசதிதான். இதழியல் படிப்போ செய்தித்துறை அனுபவமோ கேட்பார்கள். அதனால் முதலில் ஏதாவதொரு நாளிதழில் சேர்ந்து தாலுகா செய்தி எழுதுவது வீண்போகாது.

இனி தொழிலுக்கு வருவோம். குரல் தேர்வில் பெரும்பாலோர் விழுவது ழ, ள, ல மூன்றில்தான் என்று நினைப்பார்கள். அது பயிற்சியில் சரியாகிவிடும். மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் வாக்கியத்தின் வால் அமுங்கிப்போவதுதான் பெரிய குறை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "வழங்கப்படும்" என்றீர்களா, "வழங்கப்படாது" என்றீர்களா என்பது அந்த வாலில்தான் இருக்கிறது. சரோஜ் நாராயண்சுவாமி டெல்லியிலிருந்து செய்தி வாசித்த பழைய பதிவு கிடைத்தால், கடைசிச் சொல்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

எழுத்து இன்னும் முக்கியம். "மாநகராட்சிக்குட்பட்ட அம்மாப்பேட்டைப் பகுதிகளில் குடிநீர் விநியோகம் நாளை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படவுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது" என்றுதான் பத்திரிகைக் குறிப்பு வரும். "அம்மாப்பேட்டையில் நாளை குடிநீர் வராது" என்று எழுதுங்கள். சொன்னது மாநகராட்சி என்பது அடுத்த வாக்கியம். எந்தத் தெருக்கள் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள், கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. எண்களை வாசிப்புத் தாளில் எழுத்தாலேயே எழுதுங்கள். மேட்டூர் அணை நீர்மட்டம் என்றால் நேற்றைவிட எவ்வளவு கூடியது, முழு நீர்மட்டமான 120 அடிக்கு இன்னும் எவ்வளவு என்பதையும் சேர்த்தால்தான் விவசாயிக்குப் பயன். நிமிடத்துக்கு நூறு சொல்லை ஒட்டி வாசித்தால் காதுக்கு இதமாக இருக்கும்.

ஒலிப்பதிவுக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒலியளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். உச்சியில் முட்டி வெடித்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. மைக் வாய்க்கு நேராக வேண்டாம், ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் 'ப' என்கிற இடத்தில் காற்று அடிக்காது.

கொண்டலாம்பட்டி விசைத்தறிக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தறி ஓடும்போதே நெசவாளரைப் பேசவைத்துப் பதிந்தால் தொகுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். பேச்சின் நடுவே ஒரு சொல்லை வெட்டினால் பின்னணியில் தறியின் தாளமும் துள்ளும், வெட்டியது பட்டவர்த்தனமாகத் தெரியும். அவரை வெளித்திண்ணைக்கு அழைத்துவந்து பேட்டி எடுங்கள். அதன்பின் உள்ளே போய்த் தறி கிளம்புவது, ஓடுவது, நிற்பது எல்லாவற்றையும் தனித்தனியே பதியுங்கள். ஓடுவது மட்டும் முழுதாக ஒரு நிமிடம் வேண்டும். திண்ணையில் யாரும் பேசாத வெறும் சூழலொலியும் ஒரு நிமிடம் வேண்டும், வெட்டிய இடங்களை ஒட்டவைக்க அதுதான் உதவும். தொகுக்கையில் தறியை ஐந்து விநாடி முழுச் சத்தத்தில் விட்டு, பேச்சு தொடங்கும் இடத்தில் 20 டெசிபல் இறக்கினால் போதும்.

ஏற்காட்டில் வேறு தொல்லை. சேர்வராயன் கோயில் பக்கம் காற்று ஓயாது, மைக்குக்கு ரோம உறை போடாவிட்டால் ஒன்றும் தேறாது. மூடுபனியில் மைக்கில் ஈரம் ஏறிப் படபடவென்று பொரியும். பையில் சிலிக்கா பொட்டலம் வையுங்கள். இதையும் சொல்லியே ஆக வேண்டும்: கொண்டை ஊசி வளைவுகளில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து ஸ்பீக்கரை அலறவிடுகிறவர்களால் அந்த மலையில் பகல் வேளையில் ஒரு பறவைச் சத்தத்தைச் சுத்தமாகப் பதிய முடிவதில்லை. மலைக் கிராமத்து ஜனங்களுக்கும் அது தினசரி இம்சை. அதிகாலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள்.

வேலை கேட்டு அனுப்ப மாதிரிப் பதிவு தயாரிக்கும்போது மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள். முதல் நிமிடம் செய்தி வாசிப்பு, மீதி நீங்களே களத்தில் எடுத்துத் தொகுத்த ஒரு பேட்டி. பின்னணி இசை வேண்டாம். பேட்டி கொடுத்தவரின் பெயர், ஊர், அவர் சம்மதித்த விவரம் மூன்றையும் தனித்தாளில் எழுதி உடன் அனுப்புங்கள்.